விதை கட்டாத தோட்டம்

அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் பெரியவன், கடைசிப் பெண் கடைக்குட்டி, இடையில் பிறந்தவள் நடுவள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர்கள் இருந்தன. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அவை செல்லாது.

தோட்டத்திலும் ஒரு பெரியவனும் ஒரு கடைக்குட்டியும் இருந்தார்கள். இரண்டும் டேலியாச் செடிகள். பெரியவன் கருஞ்சிவப்பு, சாப்பாட்டுத் தட்டு அகலம். கடைக்குட்டி இளம் ஊதா, உள்ளங்கையில் அடங்கும் பந்து. அந்தந்தப் பிள்ளை பிறந்தபோது அப்பா தம் கையால் விதை போட்டு உருவாக்கிய ரகங்கள், உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்பது வீட்டு வரலாறு. யார் வந்தாலும் தேநீருக்கு முன்னால் இந்த வரலாற்றைக் குடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

நடுவள் என்று ஒரு பூ இல்லை.

"உன் பூ இன்னும் சரியா வரலம்மா" என்பார் அப்பா. அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒவ்வொரு கோடையிலும் அவர் பின்னாலேயே கத்தரியோடு நடப்பாள். அப்பா வாடின பூவைக் காட்டுவார்; அவள் வெட்டுவாள். "வாடினதைச் செடியில விட்டா அது சோர்ந்து போயிடும். ஒண்ணு விடாம வெட்டணும்." நடுவில் ஒரு நல்ல பூவைப் பார்த்து நிற்பாள். "இதுவாப்பா நான்?" அப்பா உதட்டைப் பிதுக்குவார். "சேச்சே, இது உனக்குப் போதாது. உனக்கு இதைவிட நல்லதா வரணும். அது நேரம் எடுக்கும்."

அவளுக்கு அதில் பெருமைதான். அண்ணனுக்கும் தங்கைக்கும் சீக்கிரம் முடிந்துவிட்டது. தனக்கு அவசரப்பட்டு முடிக்கிற காரியமில்லை என்று நினைத்துக்கொண்டாள். வயது ஏற ஏற அது வீட்டில் ஒரு சொலவடை ஆகிவிட்டது. இரவலாகக் குடை வாங்கிப் போன எதிர்வீட்டுக்காரர் எப்போது திருப்பித் தருவார்? நடுவள் பூக்கும்போது. பேருந்து எப்போது வரும்? நடுவள் பூக்கும்போது. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தன்னைப் பற்றிய வேடிக்கைக்குத் தானே முதலில் சிரித்துவிட்டால் வலி குறைவு என்பதை அவள் சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தாள்.

அப்பா பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுக்கும் வேலையில் இருந்தவர். ஈறுக்கு வார்க்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் மிஞ்சியதைத் தகடாக்கி, பல் ராவுகிற சின்ன எந்திரத்தால் பெயர் பொறித்து, செடிகளில் கட்டித் தொங்கவிடுவார். பனி விழுந்து செடி கருகியதும் கிழங்குகளைத் தோண்டி, கழுவி, அதே தகடுகளை நூலால் கட்டி, மரத்தூள் பரப்பிய பெட்டிகளில் கொட்டகைக்குள் அடுக்குவது வழக்கம். அம்மா போனதற்குப் பிறகு தோண்டுவதும் கழுவுவதும் அடுக்குவதும் நடுவள் வேலையாயின. பெயர் சொல்வது மட்டும் அப்பாவின் வேலை.

பெரியவன் படித்து, காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்து, கிளைத் தலைவனாகி வேறு ஊரில் இருந்தான். கடைக்குட்டி கல்யாணமாகிக் கடல் கடந்து போய்விட்டாள். நடுவளுக்குக் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய் ஒருநாள் அப்படியே நின்றுபோனது. அவள் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிற எந்திரத்துக்கு முன்னால் நின்றாள். வாடிக்கையாளர் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரும் விரல்நகம் அளவு சுண்ணாம்புச் சில்லைப் பார்த்து, அதே நிறத்தை வாளியில் கொண்டுவந்துவிடுவாள். முதலாளி அவளுக்கு விடுப்பு கொடுக்க யோசிப்பது அதனால்தான்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வருஷம், யாரும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக நடுவள் அலைந்துகொண்டிருந்தபோது எலிகளுக்கு நல்ல காலம். நூல்களையெல்லாம் கொறித்து, தகடுகளை இழுத்துப்போட்டு, பெட்டிகளை ஒன்றோடொன்று கலக்கிவிட்டிருந்தன. கிழங்கைப் பார்த்து ரகம் சொல்ல யாராலும் முடியாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அதன் தம்பியும் மாதிரிதான் எல்லாம். வசந்தம் வந்ததும் அவள் கைக்கு வந்த வரிசையில் நட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் போன் செய்தான். புது வீடு முடிந்துவிட்டதாம். வாசலில் ஒரு பாத்தி கட்டி, அதில் பெரியவனை நட்டு, 'தந்தை உருவாக்கிய ரகம்' என்று பித்தளைப் பலகை வைக்கப் போகிறானாம்.

"எது என்னோடதுன்னு சரியா பார்த்துக் கட்டி வை. மாத்திக் கொடுத்துடாதே."

செடிகள் பூக்க ஆரம்பித்ததும் நடுவள் வேலை முடிந்து வந்து, தகரப் பெட்டியில் கிடந்த ரோஸ் தகடுகளையும் கடையின் நிற அட்டைகளையும் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். பெரும்பாலானவை அவள் பழகிய முகங்கள். வெள்ளை ஒன்றுதான், சந்தேகமில்லை. மஞ்சளில் நுனி பிளந்தது ஒன்று, பிளக்காதது ஒன்று. இளம் ஊதாவும் ஒன்றே ஒன்று. தகராறு சிவப்பில்தான். ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் நாலு கருஞ்சிவப்பு. தகடு தொங்கியவரை அவற்றைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை. வெட்டிக்கொண்டு போய்க் கட்டிலருகே அப்பாவிடம் காட்டினாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. "இதுதான்" என்றார். இரண்டாவதைக் காட்டினாள். "ஆமா, இதுதான்" என்றார். நாலாவதுக்கும் இதுதான்.

ஊரில் பூ வளர்ப்போர் சங்கம் ஆண்டுக்கொரு முறை நகர மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். அதில் ஒரு மூலையில், பெயர் தெரியாத பூக்களைக் கொண்டுவந்தால் பெயர் சொல்லும் மேசை ஒன்று உண்டு. நடுவள் நாலு சிவப்பையும் இலை, மொட்டு, முழ நீளத் தண்டோடு வெட்டித் தனித்தனி பாட்டில்களில் வைத்தாள். ஊதாவையும் ஒரு பாட்டிலில் சேர்த்துக்கொண்டாள். அதற்குப் பெயர் கேட்க வேண்டியதில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். பேருந்தில் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "எங்க அப்பா உருவாக்கினது" என்று கேட்காமலே சொன்னாள்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நாற்றுப்பண்ணை நடத்தி ஓய்ந்த அம்மாள். நகத்தில் மண் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. பூவை வாங்கியதும் முகத்தைப் பார்க்காமல் திருப்பி முதுகைப் பார்த்தார்.

"முன்னால எல்லாப் பூவும் அழகுதான். வண்டவாளம் பின்னாலதான் தெரியும்" என்றார்.

முதல் மூன்று சிவப்புக்கும் சடசடவென்று பெயர் சொன்னார். தகடுகளில் இருந்த பெயர்களேதான். நடுவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்படியானால் நாலாவதுதான் பெரியவன். அந்த அம்மாளால் அதற்கு மட்டும் பெயர் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதையும் திருப்பினார், தண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார், ஒரு பெயரைச் சொன்னார்.

"இது ரொம்பப் பழசு. ஒரு காலத்துல எல்லா வீட்டுலயும் இருந்தது. இதழ் முதுகுல வெளுப்பா ஒரு கோடு ஓடுது பாருங்க, காம்பு கிட்டத்தட்ட கறுப்பு. வேற எதுக்கும் இப்படி இருக்காது. ஊதா அதைவிடச் சாதாரணம், கடையில பையில போட்டு விப்பாங்க."

நடுவள் சிரித்தாள். "இல்லைங்க, இந்த ரெண்டும் எங்க அப்பா விதை போட்டு உருவாக்கினது. அதனால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்கு வருகிற பார்வை இல்லை. "அந்த வரிசைல மூணாவது ஜாடியைப் போய்ப் பாருங்கம்மா" என்றார்.

மூன்றாவது ஜாடியில் பெரியவன் இருந்தான். கீழே அச்சடித்த அட்டையில் அம்மாள் சொன்ன அதே பெயர். நடுவள் தன் பூவைப் பக்கத்தில் வைத்தாள். நுனி, நடு, முதுகு, முதுகில் ஓடிய கோடு. இரண்டு வாளிகள் ஒரே கலவையா இல்லையா என்று தினமும் பார்க்கிற கண் அவளுடையது. அந்தக் கண் பொய் சொல்லாதா என்று கொஞ்ச நேரம் நின்றாள். சொல்லவில்லை.

திரும்பி வந்து, "வீட்டுல விதை போடுவாங்களே..." என்று இழுத்தாள்.

"போடலாமே. பூவைச் செடியிலேயே விட்டு, வாடி, காய் பிடிச்சு, காகிதம் மாதிரி காயணும். அப்புறம் விதை எடுத்து நட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வரும். நூத்துல ஒண்ணு தேறினா பெரிசு. உங்க வீட்டுல எந்தச் செடியில விதைக்கு விடுவீங்க?"

நடுவள் வாயைத் திறந்தாள். எந்தச் செடியிலும் இல்லை. ஒண்ணு விடாம வெட்டணும். ஏழு வயதிலிருந்து அந்தத் தோட்டத்தில் ஒரு பூவைக்கூட அவள் காய்க்க விட்டதில்லை. தனக்கான பூ வரப்போகிறது என்று காத்திருந்தவளே, அது எந்த வழியாக வர முடியுமோ அந்த வழியை வருஷா வருஷம் கத்தரியால் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா பக்கத்தில் நின்று, "இங்கே ஒண்ணு விட்டுட்டே பார்" என்று காட்டியிருக்கிறார்.

பாட்டில்களை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அப்பாவுக்குத் தலையணையை உயர்த்தி, தேநீரைக் கையில் கொடுத்த பிறகுதான் கேட்டாள்.

"பெரியவனுக்கு விதை எந்தச் செடியில எடுத்தீங்க?"

அப்பா தேநீரை ஊதினார். "அதெல்லாம் எந்தக் காலம்."

"அது கடையில விக்கிற பூ. இன்னிக்குப் பேர் போட்டு வெச்சிருந்தாங்க, பார்த்தேன்."

"என்கிட்டேருந்து எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான்."

"அண்ணன் பிறக்கறதுக்கு முன்னாடியேவாப்பா?"

அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு, சின்ன விஷயத்தைப் பெரிசாக்குகிறாளே என்கிற அலுப்போடு சொன்னார். "சின்னப் பிள்ளைங்ககிட்ட ஏதாவது சொல்றதுதான். நிலாவைப் பிடிச்சுத் தர்றேன்னு சொல்றதில்லையா? பக்கத்து வீட்டுப் பையன் பேர்ல மரம் நட்டாங்கன்னு பெரியவன் தரையில புரண்டு அழுதான். அப்ப அதுதான் பூத்திருந்தது, இதுதான்டா நீன்னேன். வாயை மூடினான். அப்புறம் சின்னவ தெரிஞ்சுக்கிட்டு ரெண்டு நாள் சாப்பிட மாட்டேன்னா. அவளுக்கு ஒண்ணைக் காட்டினேன்."

"எனக்கு?"

"உனக்கு வரும்னு சொன்னேன். சரின்னுட்டே."

"தோட்டத்துல முப்பது செடி இருந்ததேப்பா. ஏதோ ஒண்ணைக் கைகாட்டி, இதுதான் நீன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீ அழலையேம்மா" என்றார் அப்பா. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். "அடுத்த வருஷமும் சரின்னே. அதுக்கடுத்த வருஷமும் சரின்னே. உன்னை மாதிரி ஒரு பிள்ளை யாருக்கு அமையும்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று ஊர் முழுக்கத் தெரிந்த பழமொழியை, தான் ஐம்பது வயதில் பாடமாகப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று நடுவளுக்குத் தோன்றியது. "பல்லு மட்டும்தான் பொய்யா செஞ்சீங்கன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் குவளையை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் தங்கையிடம் போனில் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"எனக்குத் தெரியும்க்கா. இங்க வந்த புதுசுல ஒரு ஹோட்டல் வாசல்ல வரிசையா நட்டிருந்தான், கடைக்குட்டியை. நின்னு சிரிச்சுட்டு வந்தேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்ல? நீ இலவு காத்த கிளியாட்டம் உட்கார்ந்திருந்தே. என்னோடது பொய்யின்னா உன்னோடது வரவே வராதுன்னு ஆயிடும். பாவமா இருந்தது."

பொய்யை விட அந்தப் பாவம்தான் நடுவளை அதிகம் சுட்டது. இத்தனை வருஷமாகத் தங்கை போனில், "உன் பூ வந்துச்சாக்கா?" என்று கேட்டதெல்லாம் தெரிந்தே கேட்டதுதானா?

பனி விழுந்தது. அவள் கிழங்குகளைத் தோண்டிக் கழுவி, ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டிப் பெட்டியில் அடுக்கினாள். சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தாள். அண்ணன் கிழங்கைக் கொண்டுபோய் நட்டுக்கொள்ளட்டும், பித்தளைப் பலகையைத் தினம் துடைத்துக்கொள்ளட்டும், தனக்கென்ன.

அண்ணனும் அண்ணியும் காரில் வந்து இறங்கினார்கள். அப்பாவின் அறையிலேயே நாற்காலி போட்டுச் சாப்பிட்டார்கள். தங்கையைப் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அலமாரி மேல் வைத்திருந்தார்கள். வீட்டைப் பற்றித்தான் பேச்சு. இனி மேலே எழுப்பப் போகிற மாடி எப்போது முடியும் என்று தங்கை கேட்டாள்.

"நடுவள் பூக்கும்போது" என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்தாள். அப்பாவும் படுத்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் பூக்க மாட்டேன் அண்ணா. நீயும் பூக்கலை" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபம், மேசை, மூன்றாவது ஜாடி, அப்பா சொன்னது. குரல் உயரவில்லை, வாடிக்கையாளருக்கு எந்தப் பெயிண்ட் எந்தச் சுவருக்கு ஆகாது என்று சொல்கிற குரல்தான்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்பா, என்ன இது?"

அப்பாவின் புரை விழுந்த கண்கள் நடுவள் நின்ற திசையைத் தேடின. பிறகு மகன் பக்கம் திரும்பின. "அவளுக்கு வேலை அதிகம்ப்பா. என்னையும் பார்த்துக்கணும், கடைக்கும் போகணும். யாரோ ஏதோ சொன்னதை மனசுல போட்டுக் குழப்பிக்கிறா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவர் நிதானமாக, இலை போட்டு மறைத்தார்.

"சின்னவளைக் கேளு அண்ணா. அவளுக்குத் தெரியும்."

"எனக்கெதுக்கு இந்த வம்பு? அப்பா உடம்பு இப்படி இருக்கும்போது இதெல்லாம் தேவையாக்கா?" என்றது போன்.

"இத்தனை வருஷமா உனக்குள்ள இந்தப் பொறாமை இருந்திருக்கு" என்றான் அண்ணன். கோபம்கூட இல்லை, ஒரு பெரிய மனிதரின் வருத்தம். அண்ணி எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தோளைத் தட்டுவதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

நடுவள் ஒட்டிய பெயர்களை இனி நம்ப முடியாது என்று அண்ணன் தானே கொட்டகைக்குப் போனான். ஒட்டுத்தாள்களை உரித்துப் போட்டுவிட்டு, நல்ல பெரிய கிழங்குக் கொத்தாக ஐந்தாறைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாக அப்பாவின் கையில் கொடுத்தான். அப்பா விரலால் தடவினார். மூன்றாவதைத் தடவி, "இதுதான், இந்தக் கழுத்து எனக்கு மறக்குமா?" என்றார்.

அது வெள்ளை. அந்தக் கொத்தில் மண்வெட்டி பட்டு நடுவள் கையாலேயே விழுந்த வெட்டு இருந்தது. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் பொறாமைக் கணக்கில்தான் சேரும். அண்ணன் அதைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு காருக்குப் போனான்.

அடுத்த வசந்தத்தில் அவள் எதையும் நடவில்லை. மிச்சக் கிழங்குகளைக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தாள். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் பைகளில் போட்டுக்கொண்டு போனார்கள். என்ன பூ, என்ன நிறம் என்று கேட்டவர்களிடம், "நட்டுப் பாருங்க, தெரியும்" என்றாள். தோட்டத்தில் சரளைக்கல் கொட்டி, வேனை நிறுத்த இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த பக்கத்து பேக்கரிக்காரரை நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். கல் கொட்டுகிற சத்தம் கேட்டு அப்பா என்னவென்று விசாரித்தார். சொன்னாள். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மருந்து வேண்டியிருந்தது, பேசினார்.

கோடை பாதி போனபின் போனில், குடும்பக் குழுவில், அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. புது வீட்டு வாசல், பளபளக்கிற பித்தளைப் பலகை, அதற்குப் பின்னால் ஆளுயரச் செடியில் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பூ. 'பெரியவன் வந்துட்டான், அப்பாகிட்ட சொல்லு' என்று எழுதியிருந்தான். தங்கை அதற்குள் கைதட்டும் படங்களை வரிசையாக அனுப்பியிருந்தாள்.

நடுவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவன் ஏமாந்துவிட்டான் என்பதுகூட இல்லை. தன் பெயர் வைத்த பூ என்ன நிறம் என்று அவனுக்குக் கடைசிவரை தெரிந்திருக்கவில்லை. அவன் அதை ஒருநாளும் பார்க்கவே இல்லை.

கட்டிலருகே போய், "அண்ணனோட செடி பூத்திருக்காம், படம் அனுப்பியிருக்கான்" என்றாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நல்ல சிவப்பா இருக்கா?"

"வெள்ளையா இருக்கு அப்பா."

அவர் கை போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வெளியே பேக்கரிக்காரரின் வேன் சரளைக்கல்லில் பின்பக்கமாக வந்து நின்றது. பிறகு, இத்தனை நாள் இல்லாத கெஞ்சலோடு, "அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. அவன் தாங்க மாட்டான்" என்றார்.

"சரி" என்றாள் நடுவள்.

முதுகில் புண் வராமலிருக்க அவரை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் அது. ஒரு கையை இடுப்புக்கும் ஒரு கையைத் தோளுக்கும் கொடுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டு, கடைக்குக் கிளம்பினாள்.